நஷ்டம்னு எழுதுன கை

மெட்ராஸ், ஐப்பசி 1941.

அய்யாவ கும்பிட்டு காளியப்பன் எழுதுதேன். உங்க முட்டுவலி, அம்மா இருமல் எப்படி இருக்கு? நான் சௌக்கியம்.

போன வருச சீசன்ல சாரல் இல்லாம நம்ம குத்தாலத்து ஓட்டல் படுத்துட்டுல்லா? வரிக்கணக்குல அத நான் எழுதச் சொன்னதுக்கு, "யாவாரி தன் கையால நஷ்டம்னு எழுதுவானாலே? கடை விளங்குமா?"ன்னு வஞ்சிய. அம்மா சொல்லித்தான் எழுதுனிய.

அந்த எழுத்துதான் இப்ப காப்பாத்துது. புதுச் சட்டப்படி, போன வருச நஷ்டத்த இந்த வருச லாபத்துல கழிச்சுட்டு, மிச்சத்துக்குத்தான் வரி. ஆடிட்டர் ஆபீஸ்ல நானே படிச்சுக் கண்டுபிடிச்சேன். குதிச்ச குதியில மசிக்கூடு கவுந்து வேட்டியெல்லாம் நீலம்.

"உனக்கென்ன கல்யாணமாப்பா?"ன்னாரு ஆடிட்டர்.

"தங்கச்சிக்கு சார்"னேன்.

ரூவா வரிக்குப் போயிரும்னு தள்ளிவச்ச வடிவு கல்யாணத்த தையிலயே வச்சிருங்க.

வேட்டி ஒண்ணு அனுப்புங்க. கூட ஒரு குப்பியில அருவித் தண்ணியும். இங்கன தண்ணி உப்பு. இந்த மழைக்கு அருவிச் சத்தம் ஓட்டல் வரைக்கும் கேக்குதான்னு எழுதுங்க.

தபால் எடுக்க ஆள் வந்துட்டான். இந்தத் தடவ லாபம்னு பெருசா எழுதுங்க, அய்யா. பயப்படாண்டாம்.

காளியப்பன்