அடுத்தவன் மனையில் ஆட்டுக்கிடை

1933, பங்குனி, செவ்வாய் ராத்திரி

கோபத்தில் தூக்கம் வரவில்லை. கோட்டூர் வயலுக்குச் சீமை உரம் வாங்கினால் கட்டுப்படியாகாது. அதனால்தான் அறுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை போடச் சொன்னேன். ஆடுகள் ராத்தங்கினால் புழுக்கையே உரம், மண்ணும் கெடாது. இடத்தைக் காட்ட மச்சினன் ரமணியை அனுப்பினேன்.

இன்று ஜட்கா வைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போய்ப் பார்த்தால், வயலில் ஒரு புழுக்கைகூட இல்லை. அத்தனையும் வரப்புக்கு அந்தண்டை, நாங்கள் விற்றுவிட்ட மனையில் கிடக்கிறது! "சின்னவரு காட்டின எடந்தாம்மா" என்கிறான் ஆட்டுக்காரன். கூலி நெல்லை வாங்கிக்கொண்டு மந்தையோடு கிளம்பியும் விட்டான். இனி அடுத்த வருஷம்தான் வருவான்.

வீட்டுக்கு வந்து ரமணியைக் கேட்டேன். "ஆடுதானே மன்னி, எங்கே படுத்துண்டா என்ன?" என்று சிரிக்கிறான். அதோடு விட்டானா? "இந்தத் தடவையும் சரியா விளையலேன்னா மிச்சத்தையும் மனை போட்டு வித்துடலாம்" என்றான். அவர் போனபின் என் குழந்தைகளுக்குச் சோறு போடுவது அந்த வயல்தான். இவனுக்கு என்ன வந்தது?

விடாமல் கேட்டதற்கு, எல்லை தெரியாமல் காட்டிவிட்டானாம். போன வருஷம் அந்த மனையைச் சங்கிலி பிடித்து அளந்து விற்றதே இவன்தானே!