உட்கார்ந்தால் ஒரே உயரம்

மச்சான்,

இன்று காலை வண்டியின் உறையை எடுத்தேன். தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது, காற்றில் ஈர வாடை. ஆனால் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது அதுவல்ல. சீட்டின் தலைப்பக்கத்தில் ஊறிப்போன உங்கள் ஜவ்வாது. நீங்கள் மவுத்தான பிறகு இத்தா இருந்த மாதங்களில் வாசல் தாண்டாமல், உங்கள் சட்டைகளை மடித்துக் கொடுத்தபோதுகூடத் தாங்கிக்கொண்டேன். இந்தச் சின்னச் சிவப்பு வண்டியிடம் தோற்றுப்போனேன்.

துபாயில் அடுத்தவர்களின் பெரிய பெரிய வண்டிகளை ஓட்டியே வயசைக் கழித்தீர்கள். ஊரோடு வந்ததும் வாங்கியது இரண்டே சீட்டுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார், கொச்சியில் யாரோ ஓட்டிச் சலித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. "நம்ம ரெண்டு பேரத் தவிர ஒருத்தரும் ஏற முடியாது, பாத்தியா" என்று மெதுவாகச் சொன்னீர்கள். லீவில் வந்த போதெல்லாம் உங்களைப் பங்கு போட ஒரு வேன் நிறையச் சொந்தம் இருந்தது.

ஆனால் அதில் உங்களுக்கே இடமில்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்த மனுஷர், முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்ட, வெட்டுக்கிளி மாதிரி மடங்கிக் கிடந்தீர்கள். "பாய் வண்டிய ஓட்டுதாரா, வண்டி பாய ஓட்டுதா?" என்று எதிர்வீட்டு அண்ணாச்சி கேட்டார்.

சீட் தைக்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஜிப்பாவுக்கு அளவெடுப்பது போல, "நேரா நில்லுங்க பாய்" என்று நிறுத்தி, உச்சி முதல் பாதம் வரை டேப்பைப் பிடித்தார். "இந்த ஒசரத்துக்கு சீட்ட நல்லா எறக்கணும்" என்று ஸ்பாஞ்சையெல்லாம் வெட்டித் தரையோடு தரையாக்கிவிட்டார். ஏறி உட்கார்ந்தால் முழங்கால் முன்னைவிட மேலே வந்து நிற்கிறது. "ஏட்டி, எனக்கு வானந்தான் தெரியுது. ரோடு வந்தா சொல்லு" என்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் கடைக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது.

அன்று மத்தியானம் விரிப்பில் உட்கார்ந்து, நடுவில் ஒரே சஹனை வைத்துச் சாப்பிட்டோம். அந்தப் பெரிய தட்டில் கறித்துண்டை என் பக்கம் ஒதுக்கிவிட்டு நீங்கள் நிமிர்ந்தபோது உங்கள் கண் என் கண்ணுக்கு நேராக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கும், நான்தான் கவனித்ததில்லை. நின்றால் உங்கள் தோளுக்கு வருவேன், அவ்வளவுதான்.

"மச்சான், ஒங்க ஒசரம் பூரா கால்லதான் இருக்கு. உக்காந்தா நீங்களும் நானும் ஒண்ணுதான்" என்றேன்.

இடது கையால் என் தலையிலிருந்து உங்கள் தலைக்கு அளந்து பார்த்தீர்கள். "ஆமாட்டி. நிக்க வச்சு அளந்தா எப்படி வெளங்கும்? நின்னுகிட்டா வண்டி ஓட்டுதோம்?"

மறுநாள் ஸ்பாஞ்சைத் திரும்ப வைத்து, சீட்டை இறக்காமல் பின்னால் தள்ளி, தரையில் புதுத் துளை போட்டு முடுக்கினார்கள். அதோடு உங்களுக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது. எனக்கு நீங்கள் கிடைத்தீர்கள்.

தெருவில் உங்களோடு நடந்தால் நான் அண்ணாந்து பேச வேண்டும், நீங்கள் குனிந்து கேட்க வேண்டும். பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும். குற்றாலம் ரோட்டில், மேல்துணியைத் திறந்துவிட்ட வண்டியில் அப்படியில்லை. திரும்பினால் உங்கள் முகம் அங்கேயே இருக்கும். எத்தனை வருஷம் வெறும் குரலாக போனில் வந்த முகம். சாரல் அடிக்கிறது, மூடுங்கள் என்றால், "ஐந்தருவிக்குக் குளிக்கத்தானட்டி போறோம். போற வழியிலயே நனைஞ்சா என்ன?" என்பீர்கள். இரண்டு சீசன்தான் அப்படிக் கிடைத்தது. எனக்குப் போதவில்லை மச்சான். இன்னும் இருபது கேட்டிருப்பேன்.

என்னையும் ஓட்டச் சொல்லிப் பிடிவாதம் பிடித்து லைசென்ஸ் வாங்க வைத்தீர்கள். ஆனால் உங்களுக்காகத் தள்ளிய சீட்டில் என் கால் பிரேக்கைத் தொடவில்லை. "அதுக்கு ஒரு வழி பண்ணுவோம்" என்றீர்கள். அதற்குள் உங்களுக்கு அழைப்பு வந்துவிட்டது.

சென்னையிலிருந்து மகன் பேசினான். "யாரும் ஓட்டாத வண்டி. சும்மா நின்னா துருப்பிடிச்சிரும். வித்துருவோம் உம்மா." அவன் சொல்வதில் தப்பில்லை. விற்காமலிருக்க நான் ஓட்ட வேண்டும். ஓட்ட வேண்டுமானால், நீங்கள் உட்கார்ந்த இடத்தைக் கழற்ற வேண்டும். ஒரு வாரமாக இதுதான் எனக்குச் சோறும் தண்ணீரும்.

இன்று அதே கடைக்காரரை வீட்டுக்கு வரச்சொன்னேன். அவருக்கும் மனசு வரவில்லை. "அது அப்படியே இருக்கட்டும்மா. முதுகுக்கு ஒரு தலாணி வச்சுக்கிடுங்களேன்" என்றார். வைத்துப் பார்த்தேன். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் தலையணை நழுவியது.

"கழத்துங்க அண்ணாச்சி" என்றேன். போல்ட் முதலில் இறுக்கமாக நின்றது, பிறகு விட்டது. நான் மல்லிகைக் கொடிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். சீட்டு முன்னால் வந்து பழைய துளையில் உட்கார்ந்துகொண்டது.

பிஸ்மி சொல்லி ஏறினேன். கால் எட்டியது. இடம் மாறி உட்காருகிறவர்கள் எல்லோரும் செய்வது போல, நானும் நடுக் கண்ணாடியைத் திருப்பக் கை நீட்டினேன். முன்னால் வந்ததற்காக, பக்கவாட்டில் லேசாக அசைத்தால் போதுமாயிருந்தது. மேலே கீழே தொட வேண்டியிருக்கவில்லை. நீங்கள் வைத்த சாய்மானத்திலேயே நம் வீடு, வாசல், கை காட்டும் கடைக்காரர், எல்லாம் சரியாகத் தெரிந்தது.