மூன்றாம் கட்டடத்தின் மகிழ்ச்சி

மார்ச் 4

சமூக நல்வாழ்வு ஆய்வுக்குப் புதிய படிவம் வந்துவிட்டது. முப்பத்திரண்டு கேள்விகள். “நீங்கதான் எங்களுக்குக் கண்ணு, காது எல்லாம்” என்றார் பேராசிரியர். ஐந்து மாடி ஏறும் கால் மட்டும் என்னுடையது.

மார்ச் 6

மூன்றாம் கட்டடம். நாற்பது வீடுகள். லிஃப்ட் ஓடவில்லை.

நான்காம் மாடித் தையற்காரம்மாவிடம், “அண்டை வீட்டார்மேல் எவ்வளவு நம்பிக்கை? ஒன்றிலிருந்து ஐந்துக்குள்” என்று கேட்டேன்.

“எதிர்வீட்டுக்காரிக்கு அஞ்சு. அவ புருஷனுக்குப் பூஜ்யம்.”

படிவத்தில் பூஜ்யம் கிடையாது. புருஷன்களை நினைத்துப் பார்க்காமலே தயாரித்திருக்கிறார்கள். மூன்று என்று போட்டேன்.

மார்ச் 12

பதினேழு வீடுகளில் கதவே திறக்கவில்லை. பேராசிரியருக்கு வெள்ளிக்கிழமைக்குள் நாற்பதும் வேண்டுமாம். மனுஷன் எந்த உலகத்துல இருக்காரு?

மார்ச் 13

பதினேழையும் நானே நிரப்பினேன், வீட்டில் வானொலி கேட்டபடி. நாலு, நாலு, அஞ்சு, நாலு. சந்தேகம் வரக் கூடாதே என்று நடுவில் ஒரு மூணு. இந்தக் குப்பையை யார் படிக்கப் போகிறார்கள்!

ஏப்ரல் 22

படித்திருக்கிறார்கள்.

இன்று கூட்டம். திரையில் வண்ண வண்ணக் கட்டங்கள். மூன்றாம் கட்டடத்தில் நல்வாழ்வு அமோகமாம். “அப்போ அங்க ஆலோசகர் எதுக்கு?” என்றார் நலத்துறை அதிகாரி. வாரம் இருமுறை கீழ்த்தள அறைக்கு வரும் மனநல ஆலோசகரை ஜூன் முதல் வேறிடத்துக்கு மாற்றுகிறார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். த்தூ.

ஏப்ரல் 24

தையற்காரம்மா படியிலேயே மறித்துக்கொண்டாள். “எம்மக அந்த ஆலோசகர்கிட்ட மட்டுந்தான் வாயத் தொறக்குறா. நாங்க சந்தோஷமா இருக்கோம்னு எவன் சொன்னான்?”

என்னிடமே கேட்கிறாள். “விசாரிக்கிறேன்” என்றேன்.

ஏப்ரல் 25

பேராசிரியர் அசடுதான். ஆனால் பொய் எழுதியது அவரில்லையே. இத்தனை பக்கம் அவரைக் கிண்டலடிச்சேனே, எனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?

ஏப்ரல் 28

சொல்லிவிட்டேன். பேராசிரியர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“கட்டுரை அச்சுக்குப் போயாச்சும்மா. பதினேழுதானே, விடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

போன மாதம் நானும் இதையேதான் நினைத்தேன். அவர் சாத்திய கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். நேரே நலத்துறைக்குப் போய், கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தேன்.

மே 5

வேலை போயிற்று.

மே 14

தையற்காரம்மாவிடமும் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் திட்டினாள், அந்த மட்டும் புண்ணியம். கடைசியில், “அந்தப் பதினேழு வீட்டுலயும் நீயே போய்ச் சொல்லு. உனக்காக நான் வாயத் தொறக்க மாட்டேன்” என்றாள்.

மே 27

ஆலோசகரின் மாற்றத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மறு ஆய்வு நடக்குமாம், வேறு ஆளை வைத்து.

இன்று பதினோராவது கதவு. தட்டிக்கொண்டே இருந்ததில் ஒரு பெரியவர் திறந்தார். சொல்லி முடித்தேன்.

“எனக்கு எவ்வளவு போட்டீங்க?”

“அஞ்சுக்கு நாலு.”

இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு நாற்காலிமேல் கிடந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டார்.

“உக்காரும்மா. எம் வீட்டுக்காரி போய் எட்டு மாசமாச்சு.”

என் கையில் படிவமும் இல்லை, பேனாவும் இல்லை. சாயங்காலம்வரை அவர் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.