அடித்தகட்டில் ஒரு குங்குமப் பொட்டு

என் அருமை மச்சான் நசீருக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னமும் குருபரப்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறினால் என் கண் முதலில் மூன்றாவது சீட்டுக்குத்தான் போகிறது. இப்போது அங்கே ஒடிசாக்காரர் ஒருவர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்குகிறார். அவரை எழுப்பி, இது நசீர் சீட்டு என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஸ்டாண்டு செய்து கொடுத்த அந்தக் கேமரா மேலே போய்விட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் திரையில் காட்டினார்கள். ராக்கெட் கிளம்பியதும் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள், நான் மட்டும் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். இப்போது முதல் படங்களும் வந்துவிட்டன, பளிச்சென்று இருக்கின்றனவாம். ராக்கெட் கிளம்பிய அன்று உன்னிடம் ஏதோ சொல்லப் பக்கத்தில் திரும்பிவிட்டேன், மச்சான்.

சூளகிரி டீக்கடையில் ‘உங்க கம்பெனியில ராக்கெட்டா செய்றீங்க?’ என்று கேட்பவர்களுக்கு நீ சொன்ன பதிலைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை, மண்டபத்தில் மேடை போடுகிறவர்கள். ஜெர்மனிக்காரர்களின் கம்பெனி. விண்வெளிக்குப் போகும் பொருளுக்கு வரைபடம், சோதனை, பூமியில் அதைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டாண்டு, இவைதான் நம் வேலை. செய்பவர் வேறு, ஏவுபவர் வேறு. நம் பெயர் வருவது தாள்களில் மட்டும்தான். யார் முடுக்கினார், யார் துடைத்தார், யார் பார்த்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து.

அப்படி ஒரு தாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் தங்கை ஷகீலா நம் கம்பெனிக்கே வந்திருக்கிறாள், தெரியுமா? ஓசூரில் வண்டி பாகம் செய்யும் கம்பெனியில் பதினைந்து வருஷம் இருந்தவளை இங்கே தரப் பிரிவுக்குத் தலைவியாக எடுத்திருக்கிறார்கள். வந்த மாதமே பழைய தவறு அறிக்கைகளை ஒன்று விடாமல் எடுத்து வைத்துப் படித்தாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள். மேஜைமேல் நம் ஸ்டாண்டின் தவறு அறிக்கை இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் ‘பரிசோதகர் இறுதியாகப் பார்க்கத் தவறினார்’ என்று எழுதி, கீழே உன் பெயர். உன் பெயர் மட்டும்.

“முனிண்ணா, எங்கண்ணன் நோம்புப் பிறையவே ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பாரு. இத எப்டிப் பாக்காம கையெழுத்து போட்டாரு?”

தெரியலம்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கடைசி ஊர்வலத்தில் உன் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்த அதே ஆள்தான் இப்படிச் சொன்னது. எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எப்படிப் போட்டாய் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், கேட்டுக்கொண்டிரு.

அன்று ஆயுத பூஜை. நம் பக்கத்துக் கம்பெனிகளில் லாரியிலிருந்து ஸ்பேனர் வரைக்கும் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். நம் கம்பெனியில் மட்டும் ஒரு கட்டுப்பாடு. வெளிக் கூடத்தில் எத்தனை பூசணிக்காய் வேண்டுமானாலும் உடைக்கலாம், தூசி புகாத வெள்ளை அறைக்குள் பூ, விபூதி, பவுடர் எதுவும் போகக் கூடாது. கேமராக் கண்ணாடியில் ஒரு துகள் உட்கார்ந்தாலும் அது மேலே போய்விட்டால் துடைக்க ஆள் கிடையாது. இது எனக்குத் தெரியாதா? நானே பத்துப் பேருக்குச் சொன்னவன்.

ஆனால் அந்த ஸ்டாண்டைப் பதினொரு மாதம் முடுக்கி, சரிபார்த்து, துடைத்தவன் நான்தான். வெளியே பழைய டிரில்லிங் மெஷினுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள், கடல் தாண்டிப் போகிற இதற்கு ஒன்றும் இல்லையா என்று மனசு கேட்கவில்லை. யாரும் பார்க்காதபோது உள்ளே போய் அடித்தகட்டுக்குக் கீழே கடுகளவு ஒரு பொட்டு வைத்தேன். கும்பிடக்கூட இல்லை. வைத்ததும் வந்துவிட்டேன்.

நீ விடுகிற ஆளா? சாயங்காலம் ஜெர்மனிக்கு அனுப்பும் பெட்டியில் போடுவதற்கு முன் கைக்கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு தகட்டுக்கு அடியில் படுத்தே விட்டாய். எழுந்து என்னிடம் வந்தபோது உன் முகத்தில் கோபம் இல்லை, ஒரு மாதிரி சங்கடம் இருந்தது.

“மச்சான், நீ வெச்சது, நீயே தொடச்சிரு. என் கையால அழிக்க மனசு வரல.”

சட்டப்படி நீ அங்கேயே வேலையை நிறுத்தி எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் என் வேலை போயிருக்கும். நீயே துடைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு பாயான நீ, இன்னொருவன் சாமிக்கு வைத்த பொட்டை அழிக்கத் தயங்கி நின்றாய். இந்தத் தயக்கத்தை ஜெர்மன் மொழியில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆல்கஹால் துணியை எடுத்துத் துடைத்தேன். குங்குமம் இளஞ்சிவப்பாகப் பரவி, ஓரத்தில் இருந்த போல்ட் ஓட்டைக்குள் இறங்கியது. இன்னொரு துணி எடுத்திருக்க வேண்டும். வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்தான். பொரிகடலைப் பொட்டலம் வாங்கியவர்கள் எல்லாம் ஏறிவிட்டார்கள். தொடச்சிட்டியா என்று கேட்டாய். ஆச்சு என்றேன். எதையும் இரண்டு தடவை பார்க்கும் நீ, அன்று என் வாயைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாய்.

ஜெர்மனியில் பெட்டியைத் திறந்து வெள்ளைக் குச்சிப் பஞ்சை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தபோது சிவப்பு வந்தது. கேமராவை அதில் இன்னும் ஏற்றவில்லை, அது நம் நல்ல நேரம். எல்லாவற்றையும் திரும்பக் கழற்றித் துடைத்ததில் இரண்டு வாரம் போனது. ஆராய்ந்து பார்த்து குங்குமம் என்ற பெயர் தெரியாமல், மஞ்சளும் சுண்ணாம்பும் என்று எழுதி அனுப்பினார்கள். சமையல் சாமானா என்று ஒருவர் கேட்டாராம். விசாரணையில் நீ ஒரே வரிதான் சொன்னாய், கடைசியாக நான் பார்க்கவில்லை, தவறு என்னுடையது என்று.

ஏன்டா இப்படிச் சொன்னே என்று பஸ்ஸில் கேட்டேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நெசந்தானே என்றாய். பொட்டு யார் வைத்தது என்று அவர்கள் கேட்கவில்லை, கேட்டு விஷயம் பெரிதானால் அடுத்த வருஷம் பூஜையே வேண்டாம் என்றுவிடுவார்கள், விடு என்றாய். நானும் விட்டுவிட்டேன். எவ்வளவு சுலபமாக விட்டேன் பார்.

ஸ்டாண்டைப் பொருத்திக் கொடுக்க ஜெர்மனி போக வேண்டியவன் நீ. அந்த அறிக்கைக்குப் பிறகு உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டார்கள். நீ பெங்களூருக்குப் போய் ஆசையாக வாங்கி வைத்திருந்த கம்பளிக் கோட்டை மடித்து என்னிடம் கொடுத்தாய், அங்க குளிரும் மச்சான் என்று. அதை நான் போட்டுக்கொண்டு போனேன். திரும்பி வந்து உனக்குச் சாக்லேட் கொடுத்தேன். நீ சிரித்தபடி வாங்கிக்கொண்டாய். உனக்கு வலித்ததா, மச்சான்? ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

ஷகீலாவிடம் தெரியாது என்று சொன்ன மறுநாள், வேலைக்கு முன்னாடியே போய் அவள் அறைக்கு வெளியே நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டு விஷயம்வரை சொன்னேன். சரி போங்கண்ணா என்றாள். இரண்டு நாள் என் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் நாள், முடித்த அறிக்கையைத் திறக்கத் தலைமை ஆபீஸ் ஒப்புக்கொண்டது, நீங்களே அவர்களிடம் சொல்ல வேண்டும், தவறை மறைத்தவர்களை இனி பொருத்தும் வேலையில் வைத்திருக்க மாட்டார்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்றாள். மூன்று வருஷமாக யோசித்துவிட்டேன் என்றேன்.

திரையில் ஜெர்மனித் தலைமை ஆபீஸ்காரர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். பொட்டு என்றால் என்ன என்று விளக்கவே நெற்றியைத் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. முழுதும் கேட்டுவிட்டு நரைத்த தலையுள்ள ஒரு அம்மா ஒரே கேள்விதான் கேட்டார். உன் நண்பர் ஏன் தானே துடைக்கவில்லை? மரியாதை என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

என்னைப் பொருத்தும் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஸ்டோரில் போல்ட் எண்ணிக் கொடுக்கிறேன். கோட்டை ஷகீலாவிடம் கொடுத்துவிட்டேன், அடுத்த வேலைக்கு ஜெர்மனி போவது அவள்தான். தோள் பெரிதாக இருக்கிறது என்று முணுமுணுத்தாள், ஆனால் வாங்கிக்கொண்டாள்.

போன வாரம் திருத்திய அறிக்கையைக் கொண்டுவந்தாள். நசீர் பெயரை எடுத்துவிடும்மா, மொத்தமும் என் பெயரில் போடு என்று கெஞ்சினேன். உன்னைப் போலவே மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“எடுக்க முடியாதுண்ணா. பாக்காம கையெழுத்து போட்டது நெசந்தானே. பக்கத்துல உங்க பேர் வருது. இனி எங்கண்ணன் அதுல தனியா இல்ல.”

அதைக் கேட்டு ஸ்டோரிலேயே உட்கார்ந்து அழுதேன் மச்சான், நாலு பேர் பார்க்க.

வரும் ஆயுத பூஜைக்கு வெளிக் கூடத்தில் நானே நின்று பொட்டு வைப்பேன், வெள்ளை அறை வாசலோடு நிறுத்திக்கொள்வேன். பூஜையை யாரும் நிறுத்தவில்லை, நீ பயந்தது நடக்கவில்லை. யாராவது ‘ஆச்சு’ என்றால் இனி நான் குனிந்து பார்க்காமல் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அன்றைக்குத் தொடச்சிட்டியா என்று கேட்டாயே, அதற்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது. ஆச்சு, மச்சான். இந்தத் தடவை என் வாயை நம்ப வேண்டாம். உன் தங்கச்சி ரெண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

தாளிலும் உன் பக்கத்தில் இருக்கும்,
உன் மச்சான்
முனிராஜ்