பலகையில் ஆறு மணி

அக்டோபர் 28, செவ்வாய்

இன்று சொல்லாமல் விட்டது: "திரும்பி வரும்போது இருட்டிவிடும்."

ஐந்து பத்துக்கு ஒரு தம்பதி வந்தார்கள். தண்ணீரில் ஓடும் மோட்டார் வண்டி, ஜெட் ஸ்கி, முக்கால் மணி நேர வாடகைக்கு. சீட்டு எழுதினேன், கைக்கயிற்றைக் கொடுத்தேன், சிரிக்கவும் செய்தேன். சூரியன் ஐந்தரைக்கே மறைகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் பலகையில் 'வண்டி திரும்ப: மாலை 6' என்று இருக்கிறது. கோடையில் எழுதியது. அதன்பின் பொழுது சுருங்கிக்கொண்டே வருகிறது, பலகை அப்படியே நிற்கிறது.

அவர்கள் திரும்பியபோது எஞ்சின் சத்தம் மட்டும்தான் கரைக்கு வந்தது. வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை. சற்றுக் கழித்து, இங்கே மீன்பிடிக்கும் வலைக்காரர் தன் துடுப்புப் படகைக் கட்டிவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார். கத்தியிருந்தால் தேவலை.

"கை நீட்டினா தொடுற தூரத்துல போனாங்கம்மா. நான் அங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியல."

அக்டோபர் 29

வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காதவர்களைப் புத்தகங்களில் எவ்வளவு சுலபமாக வெறுத்திருக்கிறேன்.

அக்டோபர் 31

சித்தப்பாவிடம் சொன்னேன். இடமும் வண்டிகளும் அவருடையவை. சீட்டும் கயிறும் என் பொறுப்பு. அந்தக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, மறுமுனையை வண்டியில் செருகினால்தான் எஞ்சின் கிளம்பும்.

"வேலை முடிஞ்சு வர்ற கூட்டமே அந்த நேரத்துலதான். வெளிச்சம்தானே உன் பிரச்சினை?" என்று கிளம்பிப்போய் எல்.இ.டி. பட்டைகளோடு வந்தார். இப்போது நாலு வண்டிக்கும் மூக்கைச் சுற்றி நீல விளக்கு. சர்க்கஸ் தோற்றது.

நவம்பர் 3

உரிமம் தரும் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். மூன்று பேர் கைமாற்றி நாலாவது ஆள்:

"சூரியன் மறைஞ்சா அந்த வண்டி தண்ணியில இருக்கக் கூடாது. மறுபடி உதிக்கிற வரைக்கும்."

"லைட் போட்டிருக்கோம் சார்."

"லைட் போட்டா பகலாயிடுமா?"

எழுத்தில் தருவீர்களா என்றேன். "சட்டமே எழுத்துலதானேம்மா இருக்கு. உங்க லைசென்ஸைத் திருப்பிப் பாருங்க."

பார்த்தேன். பின்பக்கம், ஏழாவது நிபந்தனை. மூன்று வருடமாக என் தலைக்கு மேல்தான் மாட்டியிருக்கிறது — கண்ணாடிச் சட்டத்துக்குள், முன்பக்கம் மட்டும் தெரியும்படி.

நவம்பர் 5

சித்தப்பா அதைப் படித்தார். "இதெல்லாம் எல்லாத்துலயும் போடுறதுதான்."

சரி, கண்ணாலேயே பார்க்கட்டும். இருட்டத் தொடங்கியதும், கட்டிப்போட்டிருந்த வண்டியில் அவரை உட்காரவைத்தேன். எதிரே எத்தனை மிதவை? எண்ணினார்: ஐந்து. நீல விளக்கைப் போட்டேன். இப்போது?

வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு."

கண் கூசுகிறது, அதற்கப்பால் ஒன்றும் தெரிவதில்லை. நம்மை மற்றவர் பார்ப்பதும் நாம் மற்றவரைப் பார்ப்பதும் வேறு வேறு.

"என் கண்ணாடியை மாத்தணும்" என்று எழுந்து போய்விட்டார். அடப்பாவமே, இந்த மனுஷனை என்னதான் செய்ய?

நவம்பர் 8, சனி

இன்றே எழுதிவிட வேண்டும்.

ஐந்தேகால் மணிக்கு ஓர் அலுவலகத்திலிருந்து பத்துப் பேர். ஆளுக்கொரு சுற்று, மாறி மாறி ஒரு மணி நேரம். கயிறுகளை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "இன்னைக்கு முடிஞ்சுது" என்றேன்.

சித்தப்பா குரலைத் தாழ்த்தி, "நீ வீட்டுக்குப் போ" என்றார்.

"போறேன். மேசைச் சாவி என்கூடத்தான் வரும்."

"சம்பளத்துக்கு இருக்கிறவ மாதிரி பேசு."

"அப்ப வேலையை விட்டு எடுத்துடுங்க சித்தப்பா. சாவியை நாளைக்குக் காலையில தர்றேன்." இதைச் சொன்னது நான்தானா? நான்தான்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "என்ன சார், இங்க முதலாளி நீங்களா, பாப்பாவா?"

சித்தப்பா தண்ணீரைப் பார்த்தார். மிதவைகள் மங்கிக்கொண்டிருந்தன.

"சீட்டு எழுதுறது அவ. அவ எழுதலைன்னா வண்டி எறங்காது" என்றார்.

அதன்பின் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நவம்பர் 12

சித்தப்பா இன்னும் பேசவில்லை. நாலே முக்காலோடு சீட்டை நிறுத்துகிறேன். அவர் தடுக்கவும் இல்லை.

நவம்பர் 17, திங்கள்

வலைக்காரர் சொன்னார்: அந்தப் பத்துப் பேரும் அன்றே எதிர்க்கரையில் வண்டி எடுத்தார்களாம். இருட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினார்களாம். ஒருவருக்கும் ஒரு கீறலில்லை. சித்தப்பாவுக்கும் இது தெரியும்.

நேற்று எனக்கு விடுமுறை; சாவி அவரிடம்தான் இருந்தது. ஐந்து மணிக்கு வந்த இரண்டு பேரை அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார்.