பாலில் வேகவைத்த பூண்டு

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் அன்பரசனுக்கு அப்பா எழுதுவது. எத்தியோப்பியாவில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், நான்கு நாளாக இருக்கிற அதிர்ச்சியில் அந்த வார்த்தை வர மறுக்கிறது. ஃபோனில் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. பக்கத்துத் தெரு ஃபஹீம் லீவு முடிந்து உன் கம்பெனிக்கே திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

பாப்பா குடிக்கிற பாலெல்லாம் எதுக்களித்து வெளியே வருவதும், மலத்தில் ரத்தம் கலந்து போவதும் உனக்குத் தெரியும். மாட்டுப்பால் அவளுக்கு அலர்ஜி, தாய் சாப்பிடுவது தாய்ப்பால் வழியாகப் போகிறது, அதனால் சௌந்தர்யா பால், தயிர், நெய் எதையும் தொடக்கூடாது என்று வேலூர் டாக்டரம்மா சொல்லி மூன்று வாரம் ஆகியும் ஒன்றும் குறையவில்லை, எடையும் ஏறவில்லை. உன் அம்மா ஷூ கம்பெனிக்குப் போய்விடுவதால் வீட்டுச் சமையல் என் கையில். கேன்டீனில் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவன் நான், என் சமையலில் குறை இருக்குமா என்ற திமிர், அதனால் சந்தேகம் முழுக்க அந்தப் பெண் மேல் போனது. பக்கத்து வீட்டு இஃப்ராவிடம் அவள் டீ வாங்கிக் குடித்ததைப் பார்த்துவிட்டு, திருட்டுத்தனமாகப் பால் டீ குடிக்கிறாள் என்று உனக்கு ஃபோனில் சொன்னவன் நான்தான். நீயும் அவளைக் கூப்பிட்டு, நீயெல்லாம் ஒரு தாயா என்று கேட்டுவிட்டாய். அவள் குடித்தது பால் சேர்க்காத சுலைமானி டீ என்று பிறகு இஃப்ரா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை மறுபடி வேலூருக்குப் போனோம். சமைப்பது யார், என்னென்ன போடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். நான் பெருமையாக முன்னால் வந்து, தாய்ப்பால் நல்லா ஊறட்டும்னு தெனம் பூண்டுக் குழம்பு வைக்கிறேம்மா, காரம் தெரியாம இருக்க பூண்ட மொதல்ல பால்ல வேக வச்சிடுவேன், அப்புறம் பால வடிச்சி ஊத்திட்டு பூண்ட மட்டும்தான் கொழம்புல போடுவேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பால்ல வெந்த பூண்டுலயும் பால் இருக்குதுங்களே என்று மெதுவாகத்தான் சொன்னார். தொடக்கூடாது என்றால் குடிக்கக் கூடாது என்றுதானே அர்த்தம், வடித்துவிட்டால் போச்சு என்று நினைத்த மடையன் நான். பார்த்துப் பார்த்து நான் ஆக்கிப் போட்டதுதான் என் பேத்தி வயிற்றைப் புண்ணாக்கியிருக்கிறது. எப்படியடா இந்தக் கையால் செய்தேன் என்று இன்னும் நம்ப முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ் பள்ளிகொண்டா தாண்டியது. சௌந்தர்யா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, இந்த மூணு வாரமா என் ஒடம்புலதான் வெஷம் இருக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் மாமா, சாப்பாட்ட நிறுத்திட்டா புள்ளைக்கு சரியாயிடுமான்னுகூட பாத்தேன் என்றாள். ராத்திரிச் சாப்பாட்டை அவள் இத்தனை நாள் அப்படியே மூடி வைத்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பஸ்ஸிலேயே அவளிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது நான் அடுப்பில் எது வைத்தாலும் அவள் வந்து நின்று பார்க்கிறாள், பார்க்கட்டும். பூண்டு தண்ணீரில்தான் வேகிறது. பால் குடித்ததும் பாப்பாவை அரை மணி நேரம் தோளில் நிமிர்த்திப் பிடித்திருப்பது என் வேலை, சட்டையெல்லாம் கக்கல் வாடை. நேற்று உன் சீனிவாசன் மாமா ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா டப்பாவோடு வந்தார், அதுவும் பால்கோவாவில் செய்கிற இனிப்புதானே, வாசலிலேயே வாங்கி இஃப்ரா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், அவருக்குக் கொஞ்சம் கோபம். இன்று காலை பாப்பாவின் துணியில் ரத்தம் இல்லை. முழுதாகக் குணமாக இன்னும் சில வாரம் ஆகுமாம், அடுத்த வியாழக்கிழமை எடை பார்ப்பார்கள். உன் அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை.

நீ அந்த மலைநாட்டுக் குளிரில் ஸ்வெட்டர் போடாமல் திரியாதே. எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ என் ஆசிகள். என் தப்பை நான் ஒப்புக்கொண்டேன், நீ கேட்ட கேள்விக்கு நீதான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதைப் படித்ததும் அவளுக்கு ஃபோன் செய். எடுத்தவுடன் பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்காதே. நீ சாப்பிட்டாயா என்று அவளைக் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா
கன்னியப்பன்