ரஞ்சியின் பார்படோஸும் என் செத்தல் மிளகாயும்

1975 ஜூன் 7, சனி

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் போட்ட உடுப்பு ஒன்றும் காயவில்லை. மெல்பேர்ன் குளிர் சனியன்.

பின்னேரம் ரஞ்சி வீட்டில் ஸ்லைட் படம். அவள் புருஷனை வேலையிடத்தில் பார்படோஸுக்கு அனுப்பினார்கள், இவளும் ஒட்டிக்கொண்டு போய் வந்துவிட்டாள். கரீபியன் தீவாம். கட்லட் செய்ய வேண்டும். மீன் டின், உருளைக்கிழங்கு, ரஸ்க் தூள்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டி, லைட்டை அணைத்துவிட்டு, படத்துக்குப் படம் ரஞ்சி. கண்ணாடி அடித்தட்டுப் படகில் ரஞ்சி. ரம் ஆலையில் ரஞ்சி. தகரப் பீப்பாயை மேளமாக அடிக்கிறவர்களுக்கு நடுவில் ரஞ்சி. பறக்கும் மீன் பொரியலோடு ரஞ்சி. கடைசியில் லிம்போ ஆட்டம்: தாழ்வாகப் பிடித்த தடிக்குக் கீழே முதுகை வளைத்துப் போக வேண்டும். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு போகிறாள். அந்தப் படத்தை மட்டும் என் புருஷன் திரும்பப் போடச் சொன்னார்.

காரில் வரும்போது இவர், "ரஞ்சிக்கு நல்ல துணிவு, என்ன?"

"ஓம்."

கட்லட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வயிறு எரிகிறது. நானும்தான் வளைவேன், கூட்டிப்போக ஆள் வேண்டுமே. இவர் என்னைக் கூட்டிப்போன ஒரே தீவு பிலிப் ஐலண்ட். பென்குயின். குளிர்.

ஜூன் 11, புதன்

ரஞ்சிக்குக் காய்ச்சல், சத்தி. சாப்பிட்டது ஒன்றும் வயிற்றில் தங்கவில்லையாம். கேட்டதும் ஒரு கணம் சந்தோஷம். சீ. பிறகு பயம். என் கண்தான் பட்டதோ?

பின்னேரம் போன் பண்ணினாள். "ஊருப்பட்ட சனம் படம் பாத்தது. ஆரோ கண் வைச்சிட்டினம், நாவூறு கழிக்கவேணும். இஞ்ச ஆருக்குத் தெரியும்?"

இவர்தான் போனை எடுத்தது. "என்ர மனிசிக்கு நல்லாத் தெரியும். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாறன்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் 14, சனி

வெயில். அம்மா காயவைத்துப் பார்சலில் அனுப்பிய செத்தல் மிளகாயில் நல்ல உறைப்பானதாகப் பொறுக்கி எடுத்துப் போனேன். நாவூறு இருந்தால் நெருப்பில் போட்ட மிளகாய் நெடி அடிக்காது. அடிக்காவிட்டால் அது என் கண்தான், வேறு யாருடையது?

ரஞ்சியைக் குசினிக் கதிரையில் இருத்தி, மிளகாயும் உப்பும் மூன்று தரம் தலையைச் சுற்றி, காஸ் அடுப்பில் போட்டேன்.

நெடி அடித்தது. எல்லோருக்கும் இருமல், தும்மல். இவர் ஜன்னலைத் திறக்க ஓடினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ரஞ்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்தாள்.

"அப்ப ஒருத்தரும் என்னைப் பாத்துப் பொறாமைப்படேல்லையாக்கா?"

முகம் தொங்கிப்போயிற்று. நான் இருக்கிறேனடி என்று வாய் வரை வந்தது. அடுப்பை அணைத்தேன்.